காய்ச்சல் சார்ட்டில் எரர் வருகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அம்பத்தூர், கிண்டி, பெருங்குடி, சோழிங்கநல்லூர் என்று சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டைத் (நோயாளியின் சிகிச்சைப் பதிவை) திறந்துவைத்து, நோய்க்குரிய குறியீட்டு எண்ணான 'கோடு' போடும், அதாவது மெடிக்கல் கோடிங் செய்யும், நம் ஆட்கள் இருக்கிறார்கள். மைக்ரோபயாலஜி, நர்சிங், பிசியோதெரபி, பி.ஃபார்ம் என்று படித்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். அதனால் நோயைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். காய்ச்சல் சார்ட்டில் பலர் சறுக்குவதற்கு அந்தத் தெரிதலே காரணமாகிவிடுகிறது. டாக்டர் எழுதாத காரணத்தை நாமே நிரப்பிவிடுகிறோம்.

நம் கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டின் ஃபீட்பேக்கிலும் கிளெய்ம் ரிஜெக்‌ஷனிலும் வழக்கமாக வரும் புகார்களைத் தலைப்பாக வைத்து, காரணத்தையும் திருத்தும் வழியையும் கீழே எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி, அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் நோய்க் கோடு தொகுப்பான ஐசிடி-10-சிஎம் பற்றியது. நம் ஊர் மருத்துவமனைகளின் எம்ஆர்டியில் (மருத்துவப் பதிவேட்டுத் துறையில்) வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு பகுதி உண்டு.

கோடுகளைத் தமிழில் எழுதும்போது சில எழுத்துகள் குழம்பும். அதனால் ரத்த நோய் வரிசையை டி என்றும் மருந்து, விபத்து வரிசையை டீ என்றும், தொற்று வரிசையை பி என்றும் பிறந்த குழந்தை வரிசையை பீ என்றும் எழுதுகிறேன்.

எந்தப் புகாராக இருந்தாலும் சார்ட்டில் முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். இது அவுட்பேஷன்ட்டா, இன்பேஷன்ட்டா? காய்ச்சலுக்குக் காரணம் என்று டாக்டர் கடைசியாக எழுதியது என்ன? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு கோடு தேடும் மென்பொருளான என்கோடரைத் திறந்தால் போதும்.

புகார்: "ஆர்50.9 தேவையில்லை, நீக்கவும்"

அதிகம் வருவது இதுதான், சரிசெய்ய எளிதானதும் இதுதான். டாக்டர் நிமோனியா என்று முடிவு எழுதியிருக்கிறார், நீங்கள் ஜே18.9 போட்டுவிட்டுக் கூடவே காய்ச்சலுக்கான ஆர்50.9-ஐயும் போட்டிருப்பீர்கள். ஒரு நோயோடு வழக்கமாகவே சேர்ந்து வரும் அறிகுறியைத் தனியாகக் கோடு செய்யக் கூடாது என்று ஐசிடி-10-சிஎம்மின் அதிகாரபூர்வ விதித்தொகுப்பான கைட்லைனின் முதல் பிரிவு, பி.5 சொல்கிறது. இன்ஃப்ளூயன்சா, டைபாய்டு, மலேரியா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வழக்கமாகச் சேர்ந்து வராத அறிகுறி என்றால் தனியாகப் போடலாம், அது பி.6.

பெயரிலேயே காய்ச்சல் இருக்கும் நோய்களிலும் கவனம் வேண்டும். டெங்கு காய்ச்சல் ஏ90, ஸ்கார்லெட் ஃபீவர் ஏ38 வரிசை, ருமாட்டிக் ஃபீவர் ஐ00, ராக்கி மவுன்டன் ஸ்பாட்டட் ஃபீவர் ஏ77.0. ஹே ஃபீவர் என்பது உடம்பு சுடும் காய்ச்சலே இல்லை, மகரந்த அலர்ஜி. அரிசோனா, கலிஃபோர்னியா சார்ட்டுகளில் வேலி ஃபீவர் என்று வரும். நம் பக்கம் கேள்விப்படாத பெயர் என்பதால் புதியவர்கள் ஆர்50.9-இல் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறார்கள். அது மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வரும் நோய், பி38 வரிசையில் இருக்கிறது. கோடு புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலான இன்டெக்ஸில் ஃபீவர் என்ற சொல்லுக்குக் கீழே உள்ள நீண்ட பட்டியலை ஒருமுறை பொறுமையாக மேலிருந்து கீழ்வரை படித்துவிடுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

புகார்: "நோய் உறுதியாகவில்லை, அறிகுறியை மட்டும் கோடு செய்யவும்"

வடகிழக்குப் பருவமழை கொட்டி ஓய்ந்த மறுவாரம் மாநகராட்சி காய்ச்சல் முகாம் போட ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் காய்ச்சலும் மூட்டு வலியும் என்று யாராவது சொன்னால் டெங்கு, சிக்குன்குனியா என்று நம் வாயில் தானாக வரும். சார்ட்டிலும் டாக்டர் "டெங்குவாக இருக்கலாம், டெஸ்ட் அனுப்பியிருக்கிறேன்" என்று எழுதியிருந்தால் கை நேராக ஏ90-க்குப் போய்விடுகிறது.

அவுட்பேஷன்ட் என்றால் போகக் கூடாது. ப்ராபபிள், சஸ்பெக்டட், ரூல் அவுட், கன்சிஸ்டன்ட் வித், வொர்க்கிங் டயக்னோசிஸ் போன்ற எந்தச் சொல் முன்னால் நின்றாலும் அந்த நோய்க்குக் கோடு இல்லை. அன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது காய்ச்சல் மட்டும் என்றால் ஆர்50.9 மட்டும்தான். இது நான்காம் பிரிவு, எச். எமர்ஜென்சி, கிளினிக், ரேடியாலஜி எல்லாம் இதற்குள் வரும்.

இன்பேஷன்ட் ஃபெசிலிட்டி கோடிங்கில், அதாவது மருத்துவமனையின் கட்டணத்துக்கான கோடிங்கில், விதி தலைகீழ். டிஸ்சார்ஜ் நேரத்திலும் "ப்ராபபிள்" என்றே நின்றால், நோய் இருப்பதாகவே எடுத்துக் கோடு செய்ய வேண்டும். இரண்டாம் பிரிவு, எச். "டிஸ்சார்ஜ் நேரத்தில்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அட்மிஷன் குறிப்பில் சந்தேகமாக எழுதி, மூன்றாம் நாள் குறிப்பில் இல்லை என்று தள்ளிவிட்ட நோயைப் பழைய பக்கத்திலிருந்து எடுத்து வரக் கூடாது. அதே நோயாளி வார்டில் இருந்தாலும், டாக்டரின் கட்டணத்துக்கான ப்ரோ-ஃபீ கோடிங் செய்கிறீர்கள் என்றால் அவுட்பேஷன்ட் விதியே பொருந்தும். ஐபி (இன்பேஷன்ட்) டீமிலிருந்து ப்ரோ-ஃபீ டீமுக்கு மாறியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கோவிட் இதற்கு விதிவிலக்கு. உறுதியாகாத கோவிட்டுக்கு இன்பேஷன்ட்டிலும் யு07.1 கிடையாது. காய்ச்சல், இருமல் என்று இருப்பதைப் போட வேண்டியதுதான்.

இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நாம் போடும் கோடு அந்த மனிதரின் மருத்துவ வரலாற்றில் ஏறி உட்கார்ந்துவிடும். வராத நோய் வந்ததாக ஒருவருடைய பதிவில் இருந்தால், அடுத்த டாக்டரும் அடுத்த இன்சூரன்ஸும் அதை நம்பித்தான் முடிவெடுப்பார்கள்.

புகார்: "செல்லாத கோடு"

சிஸ்டம் கோட்டையே ஏற்கவில்லை என்றால் இலக்கங்களை எண்ணுங்கள். ஐசிடி-10-சிஎம்மில் ஆர்50.8 தனியாக நிற்காது. அதற்குக் கீழே நான்கு உண்டு: வேறு நோயோடு வரும் காய்ச்சல் ஆர்50.81, அறுவை சிகிச்சைக்குப் பிந்தையது ஆர்50.82, தடுப்பூசிக்குப் பிந்தையது ஆர்50.83, ரத்தம் ஏற்றியபின் சிவப்பணு சிதைவு இல்லாமல் வருவது ஆர்50.84.

உள்ளூர் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்க ப்ராஜெக்டுக்கு வருபவர்களுக்கு இந்தப் பிழை அடிக்கடி வருகிறது. அங்கே அவர்கள் பழகியது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10. அதில் ஆர்50.8 தாராளமாகச் செல்லும். டைபாய்டுக்கு அங்கே ஏ01.0 போதும், இங்கே ஏ01.00 என்று இன்னொரு இலக்கம் வேண்டும். டெங்கு இன்னும் சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் பதிப்பில் ஏ90, ஏ91 இரண்டையும் எடுத்துவிட்டு ஏ97 வரிசை கொண்டுவந்துவிட்டார்கள். அமெரிக்கப் பதிப்பில் ஏ90, ஏ91 அப்படியே இருக்கின்றன. இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.

எஃப்யூஓ (காரணம் தெரியாத காய்ச்சல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று டாக்டர் எழுதியிருந்தால் அதற்குத் தனிக் கோடு தேடி அலைய வேண்டாம். குளிரோடு வரும் காய்ச்சல், நாள்பட்ட காய்ச்சல், காரணம் தெரியாத காய்ச்சல் எல்லாமே ஆர்50.9-தான்.

புகார்: "எக்ஸ்க்ளூட்ஸ் 1 எடிட்"

இரண்டு கோடும் ஒன்றாக வரக் கூடாது என்று சிஸ்டம் தடுக்கிறது. காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைக்கு ஆர்56.00 போட்டால் ஆர்50.9 சேர்க்கக் கூடாது. காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் என்றால் ஆர்68.83, காய்ச்சலும் இருந்தால் ஆர்50.9 மட்டும். பிரசவ வலியின்போது வரும் காய்ச்சல் ஓ75.2, பிரசவத்துக்குப் பின் காரணம் தெரியாமல் வருவது ஓ86.4.

பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பிறந்த தேதியைப் பார்க்காமல் அடுத்த வேலை செய்யாதீர்கள். பிறந்த 28 நாளுக்குள் என்றால் பீ81.9, அதைத் தாண்டினால் ஆர்50.9. சார்ட்டின் தலைப்பில் வயது "1 மாதம்" என்று சிஸ்டம் தானாகக் காட்டலாம். அதை நம்பாமல் பிறந்த தேதியையும் சிகிச்சைத் தேதியையும் வைத்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.

புகார்: "டாக்டரின் குறிப்பில் ஆதாரம் இல்லை"

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்பாள்: "அக்கா, டெம்பரேச்சர் 103 இருக்கே, நர்ஸும் ஃபீவர்னு எழுதியிருக்காங்க. அப்புறம் ஏன் போடக் கூடாது?" நியாயமான கேள்விதான். நோய்க்கான கோடு, நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் அல்லது அவருக்கு இணையான தகுதியுள்ளவர் எழுதியதிலிருந்துதான் வர வேண்டும். நர்ஸ் போன்ற மற்றவர்கள் எழுதியதை எடுத்துக்கொள்ள ஒரு சிறு பட்டியலுக்கு மட்டும் அனுமதி உண்டு: பிஎம்ஐ, படுக்கைப்புண்ணின் நிலை, கோமா ஸ்கேல் மாதிரி. காய்ச்சல் அந்தப் பட்டியலில் இல்லை. லேப் ரிப்போர்ட்டும் அப்படித்தான். வெள்ளணு 18,000 என்று இருப்பதைப் பார்த்து நாம் எதையும் முடிவு செய்ய முடியாது.

இதில் பெரிய ஆபத்து செப்சிஸ், அதாவது தொற்றால் உடல் முழுவதும் பாதிக்கப்படும் தீவிர நிலை. காய்ச்சல், வேகமான நாடித் துடிப்பு, ஏறிய வெள்ளணு, ஆன்டிபயாடிக் டிரிப் எல்லாம் வரிசையாக இருக்கும். நமக்கு மனதில் செப்சிஸுக்கான ஏ41.9 ஓடும். டாக்டர் அந்தச் சொல்லை எழுதாதவரை அது நம் கோடு இல்லை. "யூரோசெப்சிஸ்" என்று எழுதியிருந்தாலும் அதற்குக் கோடு கிடையாது. சிறுநீர்த் தொற்றா, ரத்தம் வரை பரவிய செப்சிஸா என்று கேட்டே ஆக வேண்டும்.

கேட்பது என்றால் கொயரி, டாக்டருக்கு எழுத்தில் அனுப்பும் கேள்வி. நம் ஊரில் பலர் கொயரியை இப்படி எழுதுகிறார்கள்: "நோயாளிக்குக் காய்ச்சலும் உயர்ந்த வெள்ளணுவும் உள்ளன. செப்சிஸ் என்று உறுதிசெய்யவும்." இது பதிலை நாமே ஊட்டிவிடுவது. ஆடிட்டில் இதற்குத் தனியாகப் புள்ளி போகும், போகவும் வேண்டும். சார்ட்டில் இருப்பதைத் தேதியோடு அடுக்கி, கேள்வியைத் திறந்து விட வேண்டும். உதாரணமாக இப்படி:

"மார்ச் 4 காலை 6 மணி: வெப்பநிலை 102.4, நாடி 118. வெள்ளணு 18,200. சிறுநீர்க் கல்ச்சரில் ஈ.கோலை. நரம்பு வழி செஃப்ட்ரயாக்சோன் ஆரம்பிக்கப்பட்டுள்ளது. இந்த நிலைக்கான நோய் முடிவைக் குறிப்பில் தெளிவுபடுத்த வேண்டுகிறோம். சிறுநீர்த் தொற்று மட்டும், சிறுநீர்த் தொற்றால் ஏற்பட்ட செப்சிஸ், வேறு ஏதேனும், தீர்மானிக்க இயலவில்லை."

கடைசி இரண்டு வாய்ப்பும் இல்லாமல் கொயரி அனுப்பாதீர்கள். பில் தொகை ஏறும், இறங்கும் என்ற பேச்சு அதில் ஓரிடத்திலும் வரக் கூடாது.

புகார்: "கோடுகளின் வரிசை தவறு"

வரிசைத் தவறு அதிகம் வருவது கீமோதெரபி நோயாளியின் காய்ச்சலில். இப்படி ஒரு சார்ட் என்று வைத்துக்கொள்வோம். வலது மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் பெண், 101.3 டிகிரி காய்ச்சலோடு அட்மிட் ஆகிறார். ஏஎன்சி (நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை) 400. டாக்டரின் முடிவு: "கீமோவால் வந்த நியூட்ரோபீனிக் ஃபீவர்."

முதலில் டி70.1, அதாவது கீமோவால் வந்த நியூட்ரோபீனியா (அந்த வெள்ளணுக்கள் குறைந்த நிலை). அடுத்தது ஆர்50.81. இந்தக் கோடு முதல் இடத்துக்கு ஒருநாளும் வராது, அடிப்படை நோயை முதலில் போடு என்று கோடுகளின் எண்வரிசைப் பட்டியலான டேபுலரிலேயே குறிப்பு இருக்கிறது. பிறகு மருந்தின் பக்கவிளைவைக் காட்டும் டீ45.1எக்ஸ்5ஏ. கடைசியில் புற்றுநோய், சி50.911. புற்றுநோய்தானே பெரிய நோய் என்று அதை முதலில் தூக்கி வைப்பதுதான் வழக்கமான தவறு. அவர் இந்த முறை வந்தது பக்கவிளைவுக்குச் சிகிச்சை பெற.

இப்போது அதே சார்ட்டில் டாக்டர் "கீமோவால்" என்ற சொல்லை எழுதவில்லை, "நியூட்ரோபீனிக் ஃபீவர்" என்று மட்டும் எழுதியிருக்கிறார் என்றால்? டி70.1 கிடையாது, டி70.9-க்கு இறங்கிவிடும். மருந்துக் கோடும் போய்விடும். அவர் அதையும் எழுதாமல் "காய்ச்சல், ஏஎன்சி 400" என்று விட்டிருந்தால் நியூட்ரோபீனியாவே கிடையாது, ஏனென்றால் 400 என்பது ஒரு எண், நோய் முடிவு இல்லை. ஒரு சொல் விடுபடுவதற்கு இவ்வளவு விலை. இங்கே கொயரி போடச் சோம்பல்படுவது அந்த நோயாளி அனுபவித்த கஷ்டத்தைப் பாதியாகக் குறைத்து எழுதுவதற்குச் சமம் என்பது என் எண்ணம்.

மருந்தால் வரும் காய்ச்சலுக்கும் இதே ஒழுங்குதான். சரியான மருந்தைச் சரியான அளவில் எடுத்தும் காய்ச்சல் வந்திருந்தால் ஆர்50.2 முதலில், மருந்தின் டீ கோடு பின்னால். தவறான அளவு என்றால் அது நச்சுக் கணக்கு, டீ கோடு முன்னால் வந்துவிடும்.

புகார்: "காம்ப்ளிகேஷன் தொடர்பு காட்டப்படவில்லை"

அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் காய்ச்சல் என்றதுமே ஆர்50.82 போட்டிருப்பீர்கள். நாள் கணக்கு தொடர்பைக் காட்டாது. டாக்டர் "போஸ்ட்-ஆப் ஃபீவர்" என்றோ அறுவை சிகிச்சையால் வந்தது என்றோ சொல்ல வேண்டும். தொற்று என்று கண்டுபிடித்திருந்தால் ஆர்50.82 போய், டீ81.4 வரிசை வந்துவிடும்.

புகார்: "டயக்னோசிஸும் பரிசோதனையும் பொருந்தவில்லை"

ரேடியாலஜியில் சிஓ-11 என்ற எண்ணோடு டினையல் (பணம் தர மறுப்பு) வரும். காய்ச்சல், இருமலுக்காக மார்பு எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். ரிப்போர்ட்டின் முடிவுப் பகுதியான இம்ப்ரெஷனில் ஒன்றும் இல்லை என்றால் எடுக்கச் சொன்ன காரணத்தைப் போடுங்கள்: ஆர்50.9, ஆர்05.9. "நிமோனியாவாக இருக்கலாம்" என்றாலும் அதேதான். ரேடியாலஜிஸ்ட் உறுதியாக "வலது கீழ் மடல் நிமோனியா" என்று எழுதியிருந்தால் ஜே18.9. மடல் என்றதும் லோபார் நிமோனியாவுக்கான ஜே18.1-க்குப் போகாதீர்கள். அது எந்த இடம் என்று சொல்கிறாரே தவிர, அந்த வகை நிமோனியா என்று சொல்லவில்லை.

உள்ளூர் மருத்துவமனைகளில்: "காய்ச்சலுக்கு ஏன் அட்மிஷன்?"

கேஷ்லெஸ் கிளெய்மில் இன்சூரன்ஸ் தரப்பு கேட்கும் கேள்வி இது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஏஎஃப்ஐ (திடீர்க் காய்ச்சல் நோய்), சிகிச்சை அளிக்கப்பட்டது, நலம்" என்று மட்டும் இருந்தால் அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அலைச்சல் நோயாளியின் வீட்டுக்காரர்களுக்கு. டிஸ்சார்ஜ் ஆன அப்பாவை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு மகன் மறுபடி பில்லிங் கவுன்டருக்கு ஓடுவதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஒரு டாக்டர் இரண்டு வரி கூடுதலாக எழுதினால் தவிர்த்துவிடலாம்.

எத்தனை நாள் காய்ச்சல், அதிகபட்சம் எவ்வளவு, வாய்வழி எதுவும் தங்கவில்லையா, ரத்த அழுத்தம் இறங்கியதா, எந்த டெஸ்ட் எந்த நாளில் என்ன காட்டியது என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். டெங்கு என்றால் நாள் கணக்கு ரொம்ப முக்கியம். முதல் சில நாளில் வைரஸின் புரதமான என்எஸ்1 பிடிபடும், உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் ஐந்தாம் நாளை ஒட்டித்தான் தெரிய ஆரம்பிக்கும். நாள் எழுதாத ரிசல்ட்டை வைத்து யாரும் எதையும் வாதாட முடியாது.

அப்புறம் ஏ97.0-வா (எச்சரிக்கை அறிகுறிகள் இல்லாத டெங்கு), ஏ97.1-ஆ (அவை உள்ள டெங்கு) என்ற குழப்பம். எச்சரிக்கை அறிகுறிகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது: வயிற்று வலி, நிற்காத வாந்தி, உடலில் நீர் கோர்ப்பது, ஈறு அல்லது மூக்கில் ரத்தக் கசிவு, சோர்ந்து கிடப்பது அல்லது அமைதியின்மை, கல்லீரல் வீக்கம், பிளேட்லெட் வேகமாக இறங்கும்போதே ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறுவது. பிளேட்லெட் 60,000 என்ற ஒற்றை எண்ணை வைத்து ஏ97.1 போடுவது தவறு. டாக்டர் "எச்சரிக்கை அறிகுறிகளுடன்" என்று எழுதினால்தான் அது. தீவிர டெங்கு என்று எழுதியிருந்தால் ஏ97.2.

ஆடிட்டர் சொன்னதுதான் தவறு என்று தோன்றினால்

ரிபட்டல் (எழுத்து வடிவில் மறுப்பு) போடுங்கள், தயங்க வேண்டாம். பெரும்பாலான டீம்களில் 95 சதவீதத் தரம் கேட்கிறார்கள் என்பதால் ஒவ்வொரு புள்ளியும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் "நான் சரியாகத்தான் போட்டேன்" என்று எழுதினால் எடுபடாது. டாக்டரின் வாக்கியத்தை அப்படியே, பக்க எண்ணோடு எடுத்து எழுதுங்கள். அதற்குக் கீழே கைட்லைனின் பிரிவு. அந்தக் கைட்லைன் எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கோடு தொகுப்பு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-இல் மாறுகிறது, சில ஆண்டுகளில் ஏப்ரல் 1-இலும் சேர்க்கைகள் வருகின்றன. நீங்கள் கோடு செய்த நாள் கணக்கில் வராது, நோயாளி சிகிச்சை பெற்ற தேதிதான் கணக்கு. இன்பேஷன்ட் என்றால் டிஸ்சார்ஜ் தேதி.

அதற்குப் பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கேள்வியைக் கிளையன்டுக்கு அனுப்பச் சொல்லி டீம் லீடிடம் கேளுங்கள். வரும் பதிலை ப்ராஜெக்டின் பொதுக் கோப்பில் தேதியோடு ஏற்றிவிடுங்கள். அடுத்த வாரம் சேரும் ஆளுக்கும் அதே சார்ட் வரும்.